ஒன்றுபடும் சபை

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள், இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



"வேறுபட்ட பண்பாட்டினர் ஒரே சபையாய்க் கூடக் கற்றல்" என்பது விழாக் குழுவினர் நமக்கு இட்ட தலைப்பு. காலையில் அழைப்பிதழைப் படித்த தம்பி ஒருவர் நம்மைத் தனியே அழைத்து, "ஐயா, நம் சங்கத்தில் பாதிப் பேர் கோயிலுக்குப் போகிறவர்கள். படிப்பகத்துப் பிள்ளைகள் புத்தர் படம் வைத்திருக்கிறார்கள். சபையைப் பற்றிய பேச்சு அவர்களுக்கு எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வியே. ஒரே கடவுளை வணங்கி, ஒரே நூலை ஓதி, ஒரே பாட்டைப் பாடுகின்ற மக்கள் ஒரே பாயில் அமர மறுப்பார்களாயின், அந்த மறுப்பு அவர்கள் வணங்கும் கடவுளிடமிருந்து வந்ததன்று, வேறெங்கிருந்தோ வந்தது. அது எங்கிருந்து வந்தது, எவ்வழியாய்ப் போகும் என்பது கோயிலுக்குப் போகிறவருக்கும், புத்தரை வணங்குகிறவருக்கும், எவரையும் வணங்காதவருக்கும் வேண்டிய செய்தியே.

இன்னொரு காரணமும் உண்டு. அதை மறைப்பானேன்? மேலத்தெருச் சபை இளைஞரும் ஓடைத்தெருச் சபை இளைஞரும் சேர்ந்து கையெழுத்திட்டு ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். கூப்பிடு தொலைவில் இருக்கும் இரு சபைகளும் இனி ஒரே ஆராதனையாய்க் கூடவேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. ஒரு தெருவில் ஆதிதிராவிடர், மறுதெருவில் அருந்ததியர் என்பதைத் தவிர இரண்டாய் இருப்பதற்கு வேறு காரணம் எவரும் கூறியதில்லை. விண்ணப்பம் கொடுத்து மூன்று மாதங்கள் ஆயின. மூப்பர்கள் இன்னும் மறுமொழி கூறவில்லை. அந்த மூப்பர்களுள் நாமும் ஒருவர்.

ஆகவே இன்று நாம் தொலைநாட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லப்போவது, உள்ளூர்ச் செய்தியை மூடுவதற்காக அன்று. ஏட்டில் படித்தறிந்ததையே கூறுகிறோம். தென்னாப்பிரிக்காவை நாம் கண்ணால் கண்டதில்லை.

1652-ஆம் ஆண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் நன்னம்பிக்கை முனையில் ஒரு நிலையம் அமைத்தனர். கீழ்த்திசை செல்லும் கப்பல்களுக்கு நன்னீரும் காய்கறியும் இறைச்சியும் அளிப்பதே அதன் வேலை. தோட்டம் போட ஆள் வேண்டுமே! மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மலபார், இலங்கை ஆகிய இடங்களிலிருந்து அடிமைகளைக் கொண்டு சென்றனர். நம்முடைய சோழமண்டலக் கரையிலிருந்தும் கொண்டு சென்றனர். பழவேற்காடும் நாகப்பட்டினமும் டச்சுக்காரர் ஆட்சியில் இருந்த காலம் அது. அடிமைகளின் பெயருக்குப் பின்னால் அவர்கள் வந்த கரையின் பெயரைச் சேர்த்து எழுதுவது வழக்கம். அப்படிக் 'கோரமண்டல்' என்று எழுதப்பட்டோரும் அந்த ஏடுகளில் உள்ளனர். பின்னாளில் அந்நாட்டு அரசு எந்த மக்களைக் 'கலர்டு', அதாவது கலப்பினத்தார், என்று முத்திரையிட்டதோ, அவர்களுடைய முன்னோர் வரிசையில் நம் கரையோரும் இருந்தனர் என்பதை நினைவிற் கொள்க.

கம்பெனியார் கொண்டு சென்ற சமயம் டச்சுச் சீர்திருத்த சபை. அதில் அடிமைகளும், அம்மண்ணின் பழங்குடிகளான கொய்கொய் மக்களும், கலப்பினத்தாரும் மெல்ல மெல்லச் சேர்ந்தனர். சேர்ந்தவர் திருவிருந்தில் பங்கு பெறவேண்டும். அங்கேதான் சிக்கல் தோன்றிற்று. நம் ஊர்ச் சிக்கல் போலவே, அதுவும் உணவிலும் கிண்ணத்திலுமே தொடங்கிற்று.

1829-இல் கேப் டவுனுக்கு அருகேயுள்ள சோமர்செட் வெஸ்ட் என்னும் ஊரில், பெண்டூரா விசர் என்ற கலப்பினத்தவர் ஒருவர் மற்றவர்களோடு ஒன்றாய்த் திருவிருந்து பெறலாமா என்ற கேள்வி எழுந்தது. சபையின் தலைமைப் பேரவை கூடி, நிறமோ பிறப்போ பாராமல் உறுப்பினர் அனைவருக்கும் ஒரே வேளையில் திருவிருந்து வழங்கப்படல் வேண்டும், இது வேதத்தில் நிலைபெற்ற அசைக்கமுடியாத கொள்கை என்று முடிவு செய்தது. எவ்வளவு தெளிவான முடிவு! அடிமை முறை சட்டப்படி ஒழிவதற்கும் முன்னரே எடுத்த முடிவு.

ஆனால் முடிவு ஏட்டில் இருந்தது. வெறுப்பு மனத்தில் இருந்தது. 1855-இல் ஸ்டாக்கன்ஸ்ட்ராம் என்னும் சபையைச் சேர்ந்த 45 வெள்ளையர், தங்களுக்குத் தனியே திருவிருந்து வேண்டுமென விண்ணப்பித்தனர். 1857-இல் பேரவை மீண்டும் கூடியது. அப்பேரவையின் தீர்மானத்தை இளைஞர்கள் கூர்ந்து கவனிக்கவேண்டும். பேரவை பழைய கொள்கையை மறுக்கவில்லை. எல்லாரும் ஒரே சபையில் கூடுவதே விரும்பத்தக்கது, வேதத்திற்கு உகந்தது என்றுதான் தீர்மானம் தொடங்கிற்று. ஆனால் சிலருடைய பலவீனத்தால் அது சபைப் பணிக்குத் தடையாகுமிடத்து, புறச்சமயத்திலிருந்து வந்தோர் தனிக் கட்டடத்தில் கூடலாம் என்று அது முடிந்தது.

'சிலருடைய பலவீனம்.' யாருடைய பலவீனம்? ஒதுக்கப்பட்டவருடையதன்று. ஒதுக்கியவருடைய பலவீனம். பலவீனம் அவர்களுக்கு, வெளியே போகும் தண்டனை மற்றவர்களுக்கு! வகுப்பில் ஒரு மாணவன் மற்றொருவனை அடித்தால், அடித்தவன் மனம் நோகாதிருக்கவேண்டும் என்பதற்காக அடிபட்டவனை வேறு அறைக்கு மாற்றும் ஆசிரியரை என்னவென்பது? தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் கொடியவர் அல்லர். ஆண்ட்ரூ மரே என்ற மூத்த போதகர். சபை பிளவுபடாதிருக்க ஒரு நடுவழி தேடியவர். நடுவழி தேடிய நல்லவர்களால் நேர்ந்த கேட்டைப் பற்றித் தனி நூலே எழுதலாம்.

'தற்போதைக்கு' என்று கொடுத்த சலுகை, வழக்கமாயிற்று. வழக்கம், அமைப்பாயிற்று. 1881-இல் கலப்பினத்தாருக்கென்று டச்சுச் சீர்திருத்த மிஷன் சபை வேறாக நிறுவப்பட்டது. 1963-இல் கறுப்பின மக்களுக்கென்று இருந்த மாநிலச் சபைகள் ஒன்றாக்கப்பட்டு, ஆப்பிரிக்காவில் டச்சுச் சீர்திருத்த சபை எனப் பெயர் பெற்றன. 1968-இல் இந்தியருக்கென்று ஒரு சீர்திருத்த சபை. 1860-இல் சென்னையிலிருந்து 'துரூரோ' கப்பலில் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகளையும், அவர்களுக்குப் பின் அடுத்தடுத்துச் சென்றவர்களையும் நாம் அறிவோம். அவர்கள் வழிவந்தோருக்காக ஏற்பட்ட சபை அது. ஒரே சமயம், ஒரே கோட்பாடு, ஒரே ஒழுங்குநூல். சபைகள் மட்டும் நான்கு. 1948-இல் இனஒதுக்கல் அரசு வந்து சட்டத்தால் மக்களைப் பிரித்தபோது, சபை ஏற்கெனவே பிரிந்தே இருந்தது. அரசுக்கு முன்மாதிரி கொடுத்தது ஆலயம் என்பது வரலாற்றின் வெட்கம்.

இதைக் கேட்டு நாம் அந்நாட்டாரைப் பழித்துவிட்டு எழுந்து போக இயலாது. தரங்கம்பாடியில் 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கினார். 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தில் மேற்குலத்தார் ஒருபுறம், நம் முன்னோர் ஒருபுறம் எனப் பிரிந்தே அமர்ந்தனர். இராசநாயக்கன் என்றொரு உபதேசியார் இருந்தார். முன்னர்ப் படைவீரர், பறையர் குலத்தவர், தஞ்சைப் பகுதியில் சபைகளை வளர்த்தவர். குருப்பட்டத்திற்கு அவர் தகுதியுடையவர் என்று மிஷனரிகளே எண்ணினர். ஆயினும் அவர் கையால் திருவிருந்து பெற மற்றவர்கள் உடன்படமாட்டார்கள் என்னும் அச்சத்தால் அவரை விடுத்து, 1741-இல் தியோகு என்பவருக்கு அப்பட்டம் அளித்தனர். கேப் பேரவையின் 1857 தீர்மானத்திற்கு நூறாண்டுக்கு முன்பே, 'சிலருடைய பலவீனம்' நம் கடற்கரையில் வேலை செய்து முடித்திருந்தது. 1833-இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு இனி இருத்தலாகாது, காலந்தாழ்த்தாமல் முற்றிலும் விடப்படவேண்டும் எனச் சுற்றுமடல் எழுதியபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள்.

மீண்டும் தென்னாப்பிரிக்காவுக்கு வருவோம். இதுவரை கூறியது பிரிந்த கதை. கற்ற கதை இனித்தான்.

வெள்ளையர் சபை மனம் திருந்திக் கதவைத் திறந்தது, மற்ற மூன்றும் உள்ளே சென்றன என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். அவ்வாறு நடக்கவில்லை. ஒதுக்கப்பட்ட சபைகளே முதலில் ஒன்றையொன்று நோக்கித் திரும்பின. கலப்பினத்தார் சபையும் கறுப்பினத்தார் சபையும் கதவு திறக்கும்வரை காத்திராமல் தாங்களே இணைவதென்று முயன்றன. அது எளிதாயிருந்திருக்கும் என்று எண்ணுவோர் ஒடுக்கப்பட்டோரின் வாழ்வை அறியாதவர். ஒடுக்குகிறவன், ஒடுக்கப்பட்டோரை ஒரே படியில் நிறுத்துவதில்லை. ஆளுக்கொரு படி கொடுத்து வைக்கிறான். அண்ணல் அம்பேத்கர் நமக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு இது.

அந்நாட்டு அரசு மேற்குக் கேப் பகுதியில் 1955 முதல் ஒரு கொள்கையைக் கடைப்பிடித்தது: வேலை காலியானால் கலப்பினத்தாருக்கே முதலிடம், அவர்கள் கிடையாவிடில்தான் கறுப்பினத்தாருக்கு. கலப்பினத்தாருக்குக் குடியிருப்பு வேறு, கறுப்பினத்தாருக்குக் குடியிருப்பு வேறு. கறுப்பினத்தார் எப்போதும் கையில் அனுமதிச் சீட்டு வைத்திருக்கவேண்டும். கலப்பினத்தாருக்கு அந்தத் தொல்லை இல்லை. இருவரும் மிதிக்கப்பட்டவர்களே. ஆனால் ஒருவர் தோளில் மற்றொருவர் கால் படும்படி நிறுத்தப்பட்டவர்கள்.

இதனினும் ஆழமானது மொழி. நாம் ஆசிரியராதலால் இதில் சற்றே நின்று பேச விரும்புகிறோம். கலப்பினத்தாரில் பெரும்பாலோரின் தாய்மொழி ஆப்பிரிக்கான்ஸ். அடிமைகளும் சமையற்காரர்களும் ஆயாக்களும் பேசிப்பேசி டச்சு மொழியிலிருந்து உருவாக்கியதில் பெரும்பங்கு கொண்ட மொழி அது. தாலாட்டும் அதில்தான், செபமும் அதில்தான். கறுப்பினத்தாருக்கோ அது காவற்காரனின் மொழி. அனுமதிச் சீட்டைக் கேட்பவனின் மொழி. 1974-இல் அரசு, கறுப்பினப் பள்ளிகளில் கணக்கும் சமூகவியலும் ஆப்பிரிக்கான்ஸில் கற்பிக்கப்படவேண்டும் என ஆணையிட்டது. ஆசிரியர்களுக்கே அம்மொழி சரிவரத் தெரியாது. 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோவில் பள்ளி மாணவர்கள் ஊர்வலமாய்த் திரண்டனர். காவல்துறை சுட்டது. குழந்தைகள் மாண்டனர்.

அந்தக் குண்டுகளின் ஓசை அடங்காத காதுகளோடு ஒரு கறுப்பினத் தாய் சபைக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அருகே அமர்ந்திருக்கும் கலப்பினத் தாய் உள்ளமுருகி ஆப்பிரிக்கான்ஸில் செபிக்கிறாள். ஒருத்திக்கு அது தாய்ப்பால். மற்றொருத்திக்கு அது ஆறாத புண். இருவரில் எவரும் குற்றவாளி அல்லர். இதைத்தான் அவர்கள் கற்கவேண்டியிருந்தது. "என் மொழி அழகியது" என்று சொல்வது பண்பாட்டுப் பெருமை. "என் மொழி அவள் காதில் எப்படி ஒலிக்கிறது?" என்று கேட்பது வேறு வகைக் கல்வி. அதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தருவதில்லை.

1982 ஆகஸ்டில் கனடாவின் ஒட்டாவா நகரில் உலகச் சீர்திருத்த சபைகளின் கூட்டமைப்பு கூடியபோது, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த கறுப்பின, கலப்பினப் பிரதிநிதிகள் சிலர் திருவிருந்தில் பங்கேற்க மறுத்தனர். "எங்கள் நாட்டில் எங்களோடு ஒரே பந்தியில் அமராதவர்கள், இங்கே அயல்நாட்டில் எங்களோடு அமர்வது நடிப்பு" என்பது அவர்கள் வாதத்தின் சாரம். கூட்டமைப்பு, இனஒதுக்கலை நியாயப்படுத்துவது வேதப்புரட்டு என அறிவித்து, வெள்ளையர் சபையின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. கலப்பினத்தார் சபையின் போதகர் ஆலன் புசாக்கைத் தலைவராய்த் தேர்ந்தெடுத்தது.

அதே ஆண்டில் கேப் டவுனை அடுத்த பெல்ஹார் என்னும் கலப்பினத்தார் குடியிருப்பில் மிஷன் சபையின் பேரவை கூடி, ஒரு விசுவாச அறிக்கையை வரைந்தது. 1986-இல் அதை முறைப்படி ஏற்றது. பெல்ஹார் அறிக்கை என்று உலகம் அறிந்தது அதுவே. சபை ஒன்றாயிருத்தல், ஒப்புரவாதல், நீதி ஆகிய மூன்றைப் பற்றியும் அது பேசுகிறது. கடவுள் எளியவர், வறியவர், அநீதிக்குள்ளானோர் பக்கம் சிறப்பாய் நிற்கிறார் என்று அறிவிக்கிறது. வரைந்த குழுவில் வெள்ளையரும் இருந்தனர் என்பதையும் சொல்லவேண்டும். நம்மை மிகவும் ஈர்த்தது அறிக்கையுடன் இணைத்த மடல். தாக்குவது ஒரு கோட்பாட்டைத்தான், தனி மனிதரை அன்று எனக் கூறும் அம்மடல், தாங்களும் போதிய அளவு சாட்சி பகராமல் இருந்த குற்றத்தில் பங்குடையவர்கள் என்றும் ஒப்புக்கொள்கிறது. பாதிக்கப்பட்டவர் எழுதிய குற்றப்பத்திரிகையில் தம் பெயரையும் சேர்த்து எழுதியதை வேறெங்கும் நாம் எளிதில் காண்பதில்லை.

1994 ஏப்ரல் 14-ஆம் நாள், அனைத்து மக்களும் வாக்களித்த முதல் தேர்தலுக்கு இரண்டு வாரங்களுக்கும் குறைவான நாட்களே இருந்தபோது, இரு சபைகளும் பெல்ஹாரில் இணைந்தன. இணைந்த சபைக்கு இட்ட பெயரை இலக்கணம் பயின்ற மாணவர்கள் கவனிக்கவேண்டும். 'ஒன்றுபட்ட சபை' என்று பெயரிடவில்லை; 'ஒன்றுபடும் சீர்திருத்த சபை' என்றே பெயரிட்டனர். 'ஒன்றுபட்ட' என்பது இறந்தகாலப் பெயரெச்சம். வேலை முடிந்துவிட்டது என்று பொருள்படும். 'ஒன்றுபடும்' என்பதில் வேலை முடியவில்லை. பெயரெச்சத்தில் இத்தனை நேர்மையுடைய வேறொரு சபையை நாம் அறியோம்.

வேலை முடியவில்லை என்பது உடனே விளங்கியும் விட்டது. கறுப்பினத்தார் சபையில் ஒரு பகுதியினர் இணைப்பை ஏற்கவில்லை. முறைப்படி இணைப்பு நடக்கவில்லை என்று வழக்குத் தொடுத்தனர். வழக்கு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று, 1998-இல் சேர மறுத்தவர்கள் பக்கமே தீர்ப்பாயிற்று. இந்தியர் சபையும் அன்று இணையவில்லை. சிறுபான்மையோர் பெருங்கூட்டத்தில் கரைந்துபோவோம் என்று அஞ்சுவது இயல்பு. வெள்ளையர் சபையோ 1986-இல் தன் கதவு எல்லா இனத்தாருக்கும் திறந்தது என அறிவித்தது. அதைப் பொறுக்காத ஒரு சாரார் 1987-இல் பிரிந்து வேறு சபை கண்டனர். பெல்ஹார் அறிக்கையைத் தன் ஏட்டில் சேர்க்க வெள்ளையர் சபையின் தலைமை வழிவகுத்தபோதும், 2015 அளவில் உள்ளூர்ச் சபை மன்றங்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிட்டவில்லை. மேலே கையெழுத்திடுவோர் ஒரு வகை. கீழே பாய் விரிப்போர் ஒரு வகை. தீர்மானம் மேலிருந்து வரலாம். பாயைக் கீழிருப்பவர்தான் விரிக்கவேண்டும்.

பாய் விரித்த ஒருவரைப் பற்றிச் சொல்வோம். நிக்கோ ஸ்மித் என்பவர் வெள்ளையர். ஸ்டெல்லன்பாஷ் பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியர். வெள்ளையர் ஆதிக்கத்தின் இரகசியக் கழகத்தில் உறுப்பினராயிருந்து விலகியவர். பேராசிரியர் பதவியைத் துறந்து, 1982-இல் பிரிட்டோரியாவை அடுத்த மாமெலோடி என்னும் கறுப்பினக் குடியிருப்பில் போதகரானார். 1985-இல் அரசின் இசைவு பெற்று மனைவியோடு அங்கேயே குடியேறினார். அவர் தொடங்கிய இயக்கத்திற்குக் 'கொயினோனியா' என்று பெயர். ஐக்கியம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். வேலைத்திட்டம் மிக எளிது. வெள்ளைக் குடும்பங்கள் சிலவும் கறுப்புக் குடும்பங்கள் சிலவும் ஒரு சிறு குழு. முறை வைத்து ஒருவர் வீட்டில் ஒருவர் உண்ணவேண்டும். அவ்வளவுதான். 1988-இல் வெள்ளையர் பலர் மாமெலோடியின் வீடுகளுக்கு வந்து சில நாட்கள் தங்கியும் சென்றனர்.

நம் நாட்டில் சுதந்திர நாளன்று கோயில்களில் சமபந்தி போசனம் நடைபெறுகிறது. அதிகாரிகளும் அமைச்சர்களும் அமர்கிறார்கள், புகைப்படம் எடுக்கிறார்கள். அதைக் குறைகூற நாம் வரவில்லை. ஆனால் பொது இடத்தில் எவரோ சமைத்ததை ஆண்டுக்கு ஒருநாள் உண்பது வேறு; அவர் அடுப்பில் அவர் மனைவி சமைத்ததை, அவர் குடத்துத் தண்ணீரோடு, மாதந்தோறும் உண்பது வேறு. முன்னதில் சட்டம் நிறைவேறுகிறது. பின்னதில் நாக்கு கற்கிறது. நாக்கு கற்காமல் நெஞ்சு கற்றதாக நாம் கண்டதில்லை.

பாட்டாலும் அந்நாடு கற்றது. ஏனோக் சொன்டோங்கா என்னும் பள்ளி ஆசிரியர் 1897-இல் கோசா மொழியில் இயற்றிய ஒரு கிறித்தவப் பாட்டு, விடுதலை இயக்கத்தின் பாட்டாகி, பின்னர் நாட்டுப்பண்ணின் பகுதியாயிற்று. 1997 முதல் பாடப்படும் அந்நாட்டுப்பண்ணில் கோசா, சூலு, செசோத்தோ, ஆப்பிரிக்கான்ஸ், ஆங்கிலம் என ஐந்து மொழிகள் உள்ளன. புண்படுத்திய மொழியையும் வெளியே தள்ளாமல், ஐந்தில் ஒன்றாய் அமர்த்தியிருக்கிறார்கள். ஆசிரியர் ஒருவர் இயற்றியது என்பதில் நமக்குச் சிறிது கூடுதல் மகிழ்ச்சி, மன்னியுங்கள்.

இனி நம் ஊர்.

ஓடைத்தெருவில் முதியோர் பலர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். ஒருமுறை இரு சபையாரும் கூடிய நன்றிப் பண்டிகையில், அத்தெருப் பாட்டி ஒருத்தி எழுந்து தெலுங்கிலே செபித்தாள். மேலத்தெருப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெரியவர்களும் புன்னகைத்தார்கள். அடுத்த ஆண்டு அவள் எழவில்லை. ஒரே ஆராதனை வேண்டும் என்று கையெழுத்திட்ட இளைஞர்களே, அந்த ஆராதனையில் அவள் எந்த மொழியில் செபிப்பாள் என்று எண்ணினீர்களா? 'அவர்கள் நம் சபைக்கு வரலாம்' என்று மேலத்தெருவார் சொல்வது இணைப்பு ஆகாது. வருகிறவர் மட்டும் மாறி, இருக்கிறவர் மாறாதிருந்தால், அதற்குப் பெயர் விருந்தோம்பல்கூட அன்று, குடியமர்த்தல்.

இதைச் சொல்லும் தகுதி நமக்கு உண்டா என்பதையும் நீங்கள் அறியவேண்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், இச்சங்கத்தின் இரவுப் பள்ளி ஒரு தாழ்வாரத்தில் தொடங்கிற்று. அப்போது நாம் இளம் ஆசிரியர். மாலையில் வந்து கணக்குக் கற்பித்தோம். முதல் மாதத்தில் ஓடைத்தெருவிலிருந்து நான்கு சிறுவர்கள் வந்தார்கள். மறுவாரமே நம் தாய்மார் சிலர் வந்து, "வாத்தியாரே, தண்ணீர்ப் பானையில் அந்தப் பிள்ளைகள் கைவைத்தால் எங்கள் பிள்ளைகளை அனுப்பமாட்டோம்" என்றனர். நாற்பது பிள்ளைகளின் படிப்புக் கெட்டுவிடுமே என்று அஞ்சினோம். தற்போதைக்கு இருக்கட்டும், பிறகு பேசிச் சரிசெய்யலாம் என்று எண்ணினோம். தாழ்வாரத்துத் தூணில் ஓர் ஆணி அடித்து, நான்கு பேருக்கும் பொதுவாய் ஒரு குவளையைத் தொங்கவிட்டோம். அந்த ஆணியை வேறெவரும் அடிக்கவில்லை. சுத்தியலைப் பிடித்தது நம் கை.

தேநீர்க் கடையில் தனிக் குவளை கண்டு குமுறிய நாம், நம் கையாலேயே ஒரு தனிக் குவளை வைத்தோம். 1857 பேரவையைப் பற்றிப் படித்தபோது அந்த ஆணிதான் நினைவுக்கு வந்தது. அதன் பின்பே அப்போதகர் மரேயைக் கடுமையாய்ப் பேச நமக்கு வாய் வரவில்லை.

நால்வரில் ஒருவன் மூன்றாம் வாரத்தோடு நின்றுவிட்டான். மற்ற மூவரும் ஓராண்டு வந்தார்கள். குவளையும் ஓராண்டு தொங்கிற்று. பின்னர் சங்கத்திற்குச் சொந்தக் கட்டடம் வந்தது, குழாய் வந்தது, ஆணியைப் பற்றி எவரும் பேசவேண்டியிராமற் போயிற்று. பேசாமலே தீர்ந்துவிட்டது என்று நாமும் ஆறுதலடைந்தோம். நின்றுபோன சிறுவன் இன்று இருசக்கர வண்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். அவருடைய மகள் நம் பள்ளியில் படிக்கிறாள். சென்ற ஆண்டு தேர்ச்சி அட்டையில் கையெழுத்திட வந்தவரைத் தலைமையாசிரியர் அறையில் அமரச் செய்து, தண்ணீர் கொடுத்தோம். தாகமில்லை என்றார். கோடைக்காலம், நண்பகல், சைக்கிளில் வந்திருந்தார். நாமும் வற்புறுத்தவில்லை. மகளின் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து சென்றார்.

அன்று மாலையே அவர் கடைக்குச் சென்றிருக்கவேண்டும். செல்லவில்லை. இரண்டு மாதம் கழித்துச் சென்றோம். குவளையைப் பற்றி நாமே எடுத்துப் பேசினோம். அவர் கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை. "மறந்துபோச்சு சார்" என்றார். மறந்தவர் முகம் அப்படி இராது என்பது முப்பதாண்டு ஆசிரியப் பணியில் நாம் கற்றது. பிறகு தம் மகனை அனுப்பித் தேநீர் வாங்கிவரச் செய்தார். குடித்தோம். அவரும் குடித்தார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதற்கும் இல்லை.

ஆதலால் விண்ணப்பம் பற்றி ஒரு மூப்பர் என்ற முறையில் நம் கருத்து இது. ஒரே ஆராதனை வேண்டும் என்பதை நாம் ஏற்கிறோம். மூப்பர் கூட்டத்தில் அவ்வாறே பேசுவோம். இரண்டு செய்திகளை மட்டும் அத்துடன் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். ஒன்று, கூடுமிடம் மேலத்தெரு ஆலயம் மட்டும் என்றிராமல், மாதத்தில் பாதி ஞாயிறு ஓடைத்தெருவிலும் கூடுதல் வேண்டும். ஓடைத்தெரு ஆலயம் சிறியது, மழையில் ஒழுகுகிறது என்பார்கள். ஒழுகினால் நாமும் நனைவோம். அப்போதுதான் கூரைக்குப் பணம் திரளும். இரண்டு, ஆராதனைக்கு முன்பே அடுப்பு. தெருவுக்கு இரண்டாக நான்கு குடும்பங்கள் ஒரு குழு. மாதத்திற்கு ஒரு வீடு. சபைக்குப் போகாத சங்க உறுப்பினரும் இதில் சேரலாம். சாப்பாட்டுக்குச் சமயம் இல்லை. அங்கே பேச்சு எந்த மொழியில் வந்தாலும் வரட்டும். தெரியாதவர் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

நம் வீட்டிலும் இதைப் பேசினோம். அம்மையார் முதலில் தயங்கினார்; நம் தாயார் இன்னும் தயங்குகிறார். எண்பத்திரண்டு வயது. அவரைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை. அவருக்காக நிறுத்தப் போவதும் இல்லை. வருகிற மாதம் இரண்டாம் ஞாயிறு ஓடைத்தெருவில் முதல் வீடு. வண்டிக்கடைக்காரர் தம் வீட்டைத் தந்திருக்கிறார். சேர விரும்பும் குடும்பத்தார் வாயிலில் வைத்திருக்கும் ஏட்டில் பெயர் எழுதிச் செல்க. முதற் பக்கத்தில் நம் பெயர் இருக்கிறது. அதன் கீழே இடமும் நிரம்ப இருக்கிறது.